ஊட்டிக்கு கேரவனில் போகலாமா? மேப் காட்டும் வழி வேறு, மலை விடும் வழி வேறு... முழு விளக்கம்

கேரவன் என்றாலே ஒரு காலத்தில் சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். இப்போது நிலைமை மாறிவிட்டது. படுக்கை, சின்ன சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவோர் பெருகி வருகிறார்கள். சென்னை, பெங்களூரு, கோவையிலிருந்து கிளம்பும் பலரின் மனதில் முதலில் வருவது ஊட்டி. "ரூம் போட வேண்டாம், எங்க பிடிச்சிருக்கோ அங்க நிறுத்தித் தூங்கலாம்" என்பதுதான் கணக்கு.

ஆனால் நீலகிரியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லுபடியாகாது. வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, இரவில் மூடப்படும் காட்டுச் சாலை, இறங்கவே தடை போட்ட ஒரு மலைப்பாதை, மாதத்துக்கு மாதம் இடம் மாறும் மழை என்று இந்த மாவட்டத்துக்குத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. காரில் போகிறவர் இதில் ஒன்றிரண்டை மட்டும் பார்த்தால் போதும். 7 மீட்டர் நீள வேனில் வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிறவர் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

முதலில், வண்டி எது?

கேரவன் என்ற பெயரில் சாலையில் ஓடுபவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. டெம்போ டிராவலர் போன்ற வேனின் மேல் கட்டப்பட்டது ஒரு வகை. பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய வண்டி இன்னொரு வகை. முதல் வகை ஏறக்குறைய 7 மீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டாவது வகை 9 மீட்டரைத் தாண்டிப் போகும். மலைப்பாதையைப் பொறுத்தவரை இந்த இரண்டு மீட்டர் வித்தியாசமே பயணத்தைத் தீர்மானிக்கும்.

மோட்டார் கேரவனுக்கென்று இந்தியாவில் ஏஐஎஸ்-124 என்ற தனித் தர விதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்த வண்டி ஒன்று. சாதாரண வேனை வாங்கிப் பட்டறையில் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டது வேறு. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதிலும் இது சிக்கலாகும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைக் கவனிக்க வேண்டும். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது விதிமீறல். சோதனைச்சாவடியில் மாட்டினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

ஓட்டுநர் உரிமத்தில் முன்பிருந்த குழப்பம் ஓரளவு தீர்ந்திருக்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதாவது, வேன் ரக கேரவனை ஓட்ட உரிமம் தடையில்லை. ஆனால் உரிமம் இருப்பதும் மலையில் இறக்கத் தெரிவதும் ஒன்றல்ல.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் சோதனை

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர வித்தியாசம்.

4 டன் எடையுள்ள கேரவன் இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 20 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பம் மூன்று நான்கு நாட்களுக்குச் செலவழிக்கும் மின்சாரம் அது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் எதிர்ப்பில் ஒரு பகுதி, காற்றிலும் டயரிலும் ஒரு பகுதி போகும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும்.

டிரைவர் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் முதலில் லைனிங் சூடாகிப் பிடிப்பு குறையும். தீய்ந்த வாடை வருவது அப்போதுதான். அடுத்து பிரேக் ஆயில் கொதிக்கும். டாட்-4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. "பிரேக் ஃபெயிலியர்" என்று செய்திகளில் வருவதில் பல இந்த வகைதான். பிரேக் உடைந்து போகவில்லை, காய்ந்து போனது.

அதனால்தான் மலை டிரைவர்கள் "ஏறுன கியர்லயே இறக்கு" என்பார்கள். செகண்ட் கியரில் ஏறிய இடத்தை செகண்ட் கியரிலேயே இறங்கினால் பாதி வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, அந்த வேலை மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டுவதற்குச் சமம்.

இதில் கேரவனுக்குக் கூடுதல் பாரம் உண்டு. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. தொட்டி பாதி நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். தேவையான அளவு மட்டும் வைத்துக்கொண்டு மேலே போய் நிரப்புவதும், இறங்குவதற்கு முன் கழிவுநீரை அதற்குரிய இடத்தில் காலி செய்வதும் பாதுகாப்புக் கணக்கில் சேரும். கேஸ் சிலிண்டரைப் பட்டையால் கட்டி, வண்டி ஓடும்போது வால்வை மூடி வைத்திருக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 30 அன்று ஊட்டி சுற்றுலா முடிந்து தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிய பேருந்து, குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் உயிரிழந்தனர். அந்தப் பேருந்தும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

எந்த வழியில் போவது?

*குன்னூர் வழி:* மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலை என்பதால் சாலை அகலம் பரவாயில்லை. ஆனால் பஸ், லாரி, சுற்றுலா வண்டி எல்லாம் இதே வழியில்தான்.

*கோத்தகிரி வழி:* மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை, கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். சில கிலோமீட்டர் கூடுதல்தான், ஆனால் நெரிசல் குறைவு. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று போலீஸார் ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். அந்த நாட்களில் மேப் எதைக் காட்டினாலும் இதுதான் வழி.

*கூடலூர் வழி:* மைசூரு, பெங்களூருவிலிருந்து வருவோர் பந்திப்பூர், முதுமலை காடுகளைக் கடந்து தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி சேரலாம். தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு இப்படி வந்தால் சுமார் 67 கிலோமீட்டர்.

*கல்லட்டி வழி:* அதே தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வழியாக வந்தால் 36 கிலோமீட்டர்தான். மேப் முதலில் காட்டக்கூடியதும் இதுதான். ஆனால் இதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வழியும் ஏறும் உயரம் ஒன்றே. ஒரு வழி அதை 67 கிலோமீட்டரில் ஏறுகிறது, இன்னொன்று பாதித் தூரத்தில் ஏறுகிறது. செங்குத்து எவ்வளவு கூடும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் ஒன்று இந்தக் கல்லட்டிப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. அது விழுந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. 7 பேரில் 5 பேர் இறந்திருந்தனர். அதன் பிறகு வெளிமாவட்ட வண்டிகள் இந்த வழியில் கீழே இறங்குவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. இறங்குவதற்குத்தான் தடை என்பது கவனிக்க வேண்டியது. பாதை ஒன்றுதான், ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. ஏற அனுமதி இருக்கும் நாளிலும் நீளமான கேரவனுக்கு இது உகந்த வழியில்லை.

*மஞ்சூர் வழி:* காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை, மஞ்சூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. 43 கொண்டை ஊசி வளைவுகள், குறுகிய சாலை, யானை நடமாட்டம். பைக்கில் போகிறவர்கள் புகழ்ந்து எழுதும் பாதை இது. கேரவனுக்கு வேண்டாம்.

நீளமான வண்டி வளைவில் என்ன செய்யும்?

நேரான சாலையில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வரும். வளைவில் அப்படி வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட வெட்டுவதும் கூடும். டிரைவர் முன்பக்கத்தைச் சரியாகத் திருப்பிவிட்டதாக நினைக்கும்போது பின் சக்கரம் ஓடையிலோ தடுப்புச் சுவரிலோ ஏறியிருக்கும். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியோ எதிர்ப்பக்கமாக வீசி, வரும் பைக்கைத் தட்டலாம்.

மலைப்பாதைக்கு நீளம் குறைந்த பஸ்களை விடுவது இதனால்தான். அந்த பஸ் டிரைவர்கூட வளைவை ஒரே மூச்சில் எடுக்க, சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்துவார். அதனால் வளைவில் மேலே ஒரு பஸ் தெரிந்தால் கீழேயே நின்றுவிடுவது நல்லது.

குறுகலான இடத்தில் யார் ஒதுங்க வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம். மலைச் சாலையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை; இறங்குபவர் ஓரங்கட்ட வேண்டும் என்கிறது சாலை விதி. ஏறும் வண்டி ஒருமுறை நின்றால் பாரத்தோடு மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதே காரணம்.

கேட் எப்போது மூடும்?

கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. தமிழகப் பக்கத்தில் முதுமலை வழியாகச் செல்லும் சாலையிலும் இதே நேரத்தில்தான் மூடுகிறார்கள். மைசூரு போக மாற்று வழியாகச் சொல்லப்படும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது.

ஆகவே நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பெங்களூருவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் மேப் காட்டும் நேரத்தில் கேட்டைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும். மேப் சொல்வது காருக்கான நேரம். கேரவன் மலைப்பாதையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தாண்டாது. கேட் தாண்டிவிட்டாலும் அதன்பிறகு கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் இருட்டில் ஏற வேண்டும். மாலை 4 மணிக்குள் கேட்டைக் கடக்க முடியாது என்றால் அன்றிரவு மைசூரு அல்லது குண்டல்பேட்டைப் பகுதியில் தங்கிவிட்டு, காலை 6 மணிக்குப் பிறகு காட்டுக்குள் நுழைவதே சரியான திட்டம்.

இ-பாஸ் ஏன் வந்தது?

சீசன் நாட்களில் சுமார் 20 ஆயிரம் வண்டிகள் நீலகிரிக்குள் வருகின்றன என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதையடுத்து நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு.

விண்ணப்பத்தில் வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்கிறார்கள். "எங்கே தங்குகிறீர்கள்" என்ற அந்த ஒரு கேள்விதான் கேரவன்காரர்களுக்கு நெருடல். அவர்களின் பதில் "வண்டியில்" என்பதுதானே! ஆனால் வண்டி எங்கே நிற்கும்?

காப்புக்காட்டில் நிறுத்தித் தங்க முடியாது. முதுமலை வழியாகப் போகும் சாலையில் இறங்கவோ சமைக்கவோ கூடாது. ஊட்டி நகருக்குள் பகலில் ஒரு கார் நிறுத்தவே இடம் தேட வேண்டியிருக்கிறது. பைக்காரா பக்கம் சாலையோரப் புல்வெளி அழகாக இருக்கும். அதுவும் பெரும்பாலும் வனத்துறை நிலம். ஆகவே வண்டியை உள்ளே விட இடமுள்ள, கழிவுநீர் வெளியேற்ற வசதியுள்ள தங்கும் விடுதியிடம் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொண்டு, அந்த முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். வாசல் கேட்டின் அகலம், உள்ளே போகும் பாதையின் சரிவு, வண்டி திரும்ப இடம் ஆகிய மூன்றையும் போனிலேயே கேட்டுவிட வேண்டும். போட்டோ அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், சொந்தத் தண்ணீர்த் தொட்டியோடு வரும் கேரவனுக்குச் சாதகம்.

எந்த மாதம், எந்தப் பக்கம்?

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைத் தாக்கும். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டி வட்டாரங்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எனவே ஜூலையில் கூடலூர் வழியும், நவம்பரில் மேட்டுப்பாளையம் வழியும் எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். மழை நாளில் கற்பூர மரத்தடியிலோ, வெட்டிய மண் சரிவை ஒட்டியோ வண்டியை நிறுத்தித் தூங்குவது ஆபத்து. காரில் வந்தவர் இரவு கட்டடத்துக்குள் போய்விடுவார். கேரவனில் வந்தவர் படுத்திருப்பது அந்த வண்டிக்குள்தான்.

இதில் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன?

வளைவில் மாட்டிக்கொண்ட ஒரு நீளமான வண்டி, வந்தவருக்கு அரை மணி நேரத் தாமதம். பின்னால் நிற்கும் ஆம்புலன்ஸுக்கு அது வேறு. கோவை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நோயாளி இதே குன்னூர், கோத்தகிரிப் பாதையில்தான் இறங்கியாக வேண்டும். தேயிலைத் தொழிலாளியும், ஸ்கூல் பிள்ளைகளும், மலைக் காய்கறி லாரியும் இதே சாலையில்தான்.

நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு வண்டிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் சின்ன காரும் ஒன்று, 9 மீட்டர் கேரவனும் ஒன்று. சாலை தாங்கும் அளவு எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. நீளம், எடை, நிற்குமிடம் மூன்றும் சேர்ந்தது. மலையின் தாங்குதிறனை ஆராய ஐஐடி சென்னை, ஐஐஎம் பெங்களூரு நிறுவனங்களிடம் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது. கேரவன்கள் பெருகும் முன்பே இந்தக் கேள்விக்கும் விடை கண்டுவிடுவது நல்லது.

பக்கத்து மாநிலமான கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது வண்டியோடு சேர்த்து நிற்குமிடத்தையும் யோசித்தது. கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், 5 வண்டிகள் நிற்க இடம் என்று வரையறுத்தது. முதல் பூங்கா வாகமண்ணில் வந்தது. மலைக்கு மேலே இடம் கிடைக்காவிட்டாலும், மேட்டுப்பாளையம் போன்ற அடிவார ஊர்களில் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் கேரவன்காரர்களுக்கும் மலைக்கும் பாதிச் சிக்கல் தீரும்.

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது?

இறங்கும் வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த வழியில் இறங்க அனுமதி, எந்த நாளில் வெயில் இருக்கும்போதே அடிவாரம் சேர முடியும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி ஏறும் வழியையும் கிளம்பும் நேரத்தையும் தீர்மானிக்க வேண்டும். பிரேக் ஆயில், லைனிங், டயர் மூன்றையும் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டுவது கட்டாயம். இறங்கும்போது இரண்டு இடத்திலாவது கால் மணி நேரம் நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இ-பாஸ், ஒருவழிப் பாதை, கல்லட்டி கட்டுப்பாடு ஆகியவற்றின் அன்றைய நிலவரத்தை முதல் நாள் மாலை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி 9 மீட்டருக்கு மேல் என்றாலோ, ஓட்டுபவருக்கு மலையில் பழக்கம் இல்லை என்றாலோ இன்னொரு வழி இருக்கிறது. அடிவாரத்தில் பாதுகாப்பான இடத்தில் கேரவனை நிறுத்திவிட்டு, காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்திலோ, இடம் கிடைத்தால் மலை ரயிலிலோ ஏறி, சுற்றிப் பார்த்துவிட்டு இரவு வண்டிக்கே திரும்பி வந்து தூங்கலாம். பேருந்தில் போனால் இ-பாஸும் தேவையில்லை.